பத்து வாயும் ஒரு நாக்கும்

திங்கட்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குக் குணசுந்தரியின் வாய்க்குள் ஓர் இரும்புக் கேட்டு நுழைந்தது.

முழுக் கேட்டும் இல்லை, அதன் சுவை மட்டும். முதலில் துரு, அதற்கு மேல் கடற்காற்றின் உப்பு, கடைசியில் பச்சைப் பெயின்ட். அலுவலக அறையில் உட்கார்ந்து குழந்தைகளின் எடைப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "கேட்டை நக்குறது யாரு?" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினாள்.

இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள் பெனிட்டா. வயது நாலரை. ஓடிவந்த பெரியவளின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை, அவசரமே இல்லாமல், கீழிருந்து மேலாக நக்கினாள். குணசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெசந்தான்!" என்றாள் பெனிட்டா, பின்பக்கம் திரும்பி. தூணுக்குப் பின்னாலிருந்து ஒன்பது தலைகள் எட்டிப் பார்த்தன.

தூத்துக்குடியில், இறால் பதனிடும் ஆலை ஒன்றின் முதுகை ஒட்டியபடி இருந்தது அந்தக் குழந்தைகள் காப்பகம். அம்மாக்கள் வெள்ளைத் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு ஆலைக்குள் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிப்பார்கள். பிள்ளைகள் இந்தப் பக்கம் சுவரில் கிறுக்குவார்கள். சென்னையிலிருந்து மெனக்கெட்டு வந்து பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அந்த விஷயத்துக்காகத்தான் குழந்தை உணவு வாரியத்தின் ஊட்டச்சத்து அதிகாரியான குணசுந்தரி ஒரு வாரத்துக்கு வந்து தங்கியிருந்தாள்.

பதினோரு வருடம் உழைத்து அவள் ஒரு கூழைக் கண்டுபிடித்திருந்தாள். பெயர் 'நிறைவு'. கேழ்வரகு, முருங்கைக்கீரை, மீன் எண்ணெய், இரும்புச்சத்து, துத்தநாகம் என்று ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டிய எல்லாம் ஒரே கிண்ணத்தில். நாற்பது காப்பகங்களில் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது காப்பகங்களில் பிள்ளைகளின் எடை நின்ற இடத்திலேயே நின்றது, சிலவற்றில் குறைந்தே போனது. இங்கே மட்டும் எடை ஏறியது. அதுவும் சும்மா ஏறவில்லை, கொழுகொழுவென்று ஏறியது. தினமும் தட்டுகள் காலி என்று பதிவேடு சொன்னது.

வாரியத் தலைவர் வைகுண்டமூர்த்திக்கு ஒரே மகிழ்ச்சி. "பாத்தீங்களா? கூழ்ல குறையே இல்ல. ஊட்டுற விதத்துலதான் இருக்கு. அங்க என்ன செய்றாங்கன்னு போய்ப் பாருங்க. அதையே எழுதி ஆறாயிரம் காப்பகத்துக்கும் அனுப்பிடலாம். வெள்ளிக்கிழமை நான் நிருபர்களோட வரேன், அங்கயே அறிவிச்சிடுவோம்" என்று அனுப்பி வைத்தார்.

கூடவே கிளாட்வினையும் அனுப்பினார். கிளாட்வின் உள்ளூர்க்காரன், பொறியாளன், பைக்கில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். பெட்டிக்குள் பல் வில்லைகள் இருந்தன, பத்துப் பிள்ளைகளுக்கும் குணசுந்தரிக்கும் ஆளுக்கு ஒன்று. பாதி உளுந்தம்பருப்பு அளவு. கடைவாய்ப் பல்லில் ஒட்டினால் ஒட்டியதே தெரியாது.

"அப்ப பிள்ளைய வாயில என்ன போனாலும் மேடம் வாய்க்குத் தெரியுமாக்கும்?" என்று கேட்டாள் காப்பகத்தின் டீச்சர் ஜெபக்கனி. ஐம்பது வயது, இஸ்திரி குலையாத பருத்திப் புடவை, எதையும் லேசில் நம்பாத கண்கள்.

"ருசி மட்டும் டீச்சர், சாமான் போவாது" என்றான் கிளாட்வின். "போன வருசம் ஒரு காப்பகத்துல பிள்ள பட்டன் பேட்டரிய முழுங்கிட்டு. ரெண்டு மணி நேரம் யாருக்கும் தெரியல. இது இருந்திருந்தா பல்லுல பட்ட உடனே தெரிஞ்சிருக்கும். மண்ணெண்ணெய், சோப்பு, மாத்திரை, புகையிலன்னு அறுவது ருசிய வில்லையே கண்டுபிடிச்சிரும். சைரன் அடிக்கும், யாரும் வெளிய போயிராம கேட்டு பூட்டிக்கிடும், ஆம்புலன்ஸுக்கும் போன் போயிரும்."

"பத்துப் பிள்ளையும் ஒரே நேரத்துல வாயில எதையாவது போட்டா?"

"எந்த வாயில ருசி தூக்கலா இருக்கோ அது மட்டும் வரும்."

"மேடம் வாயில இருக்கது பிள்ளையளுக்குப் போவுமோ?"

கிளாட்வின் சிரித்தான். "ஒருவழிப்பாதை டீச்சர் இது."

இப்படித்தான் பத்துக் குழந்தைகளின் வாயும் குணசுந்தரியின் நாக்கும் ஒன்றாயின. அந்தத் திங்கட்கிழமை மதியத்துக்குள் அவள் நீல கிரேயானை ருசித்தாள். சட்டைக் காலர், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை, காக்கா இறகு, செருப்பு வார் ஆகியவற்றையும் ருசித்தாள். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் பிடுங்கி எறிந்தாள். நான்காவது தடவை ஓடும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. காக்கா இறகை வாயில் வைத்திருந்த பையன் இறகைப் பார்க்கவே இல்லை, அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற பிள்ளைகளும் அப்படியே. சினிமா பார்ப்பதுபோல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்குப் 'பல்லு மேடம்' என்று பெயரும் வைத்தாயிற்று.

பன்னிரண்டரை மணிக்கு நிறைவு வந்தது. சமையற்காரி பேச்சியம்மாள் கரண்டியால் அளந்து பத்துத் தட்டுகளில் ஊற்றினாள். குணசுந்தரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆய்வுக்கூடத்தில் இந்தக் கூழை அவள் ஆயிரம் தடவையாவது ருசி பார்த்திருப்பாள். கொஞ்சம் மாவு வாசம், கொஞ்சம் கீரை வாசம். குறை சொல்ல ஒன்றும் இல்லாத, பெருமைப்படவும் ஒன்றும் இல்லாத சுவை.

ஏதோ ஒரு பிள்ளை முதல் வாயை எடுத்தது.

குணசுந்தரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். மலேரியா மாத்திரையை நாக்கின் நடுவில் வைத்து நசுக்கினாற்போல ஒரு கசப்பு அண்ணம் வரைக்கும் ஏறியது. அதன் பின்னாலேயே நாலு நாள் பழைய மீன் எண்ணெய் வழுக்கிக்கொண்டு வந்தது. கையில் இருந்த கைக்குட்டையில், பத்துப் பிள்ளைகள் பார்க்க, 'தூ' என்று துப்பினாள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. சின்னக் குழந்தையின் நாக்குக்குக் கசப்பு பல மடங்கு கூடத் தெரியும் என்று அவளே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறாள், நாற்பத்தேழாவது பக்கத்தில், அடிக்குறிப்பாக. எழுதியது வேறு, துப்பியது வேறு. முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் தட்டுகள் காலியாகியிருந்தன. பத்தும் பளபளவென்று. பேச்சியம்மாள் அடுக்கிக்கொண்டு போனாள்.

எப்படி? இந்தக் கசப்பை எப்படி வழித்துத் தின்றார்கள்? அவள் யோசனையோடு அலுவலக அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

அப்போது அவள் வாய் நிறைய வேறொன்று வந்தது.

சூடான குழைந்த சோறு. அதில் நல்லெண்ணெய். அதோடு, வறுத்து இடித்த ஏதோ ஒன்று, கடலின் வாசத்தோடு, கொஞ்சம் தேங்காய், கொஞ்சம் பூண்டு, எங்கோ தூரத்தில் ஒரு வற்றல் மிளகாய். கூனிப்பொடி! கருவாட்டுக் கடையில் குவித்து வைத்திருப்பார்களே, மண்புழு தடிமன்கூட இல்லாத குட்டி இறால், அதை வறுத்து இடித்த பொடி. எழுந்து போய்க் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அதிகாரியின் மூளை சொன்னது. நாக்கு வேண்டாம் என்றது. நாக்குதான் ஜெயித்தது. குணசுந்தரி பேனாவை மூடிவைத்து, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். பத்துப் பிள்ளைகளும் கடைசிப் பருக்கை வரை தின்று முடிக்கும்வரை அவள் அசையவில்லை. கடைசியில் யாரோ விரலைச் சூப்பினார்கள். அதையும் அனுபவித்துவிட்டு, முகத்தை அதிகாரி முகமாக மாற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"கூனிப்பொடி யாரு போட்டது?"

பேச்சியம்மாளும் ஜெபக்கனியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்லிப் பயன் இல்லை, சாட்சி அவள் வாயிலேயே இருந்தது.

"நாந்தான் மேடம்" என்றாள் பேச்சியம்மாள். "டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள் ஜெபக்கனி. "கூனி தாய்மாரு கொண்டாருதாவ, ஆளுக்கு ஒரு கைப்பிடி. தட்டு காலின்னு பதிவேட்டுல எழுதுதது நாந்தான். தட்டு காலிதானே மேடம், பொய் ஒண்ணும் எழுதலையே."

"நிறைவை என்ன செஞ்சீங்க?"

"மொதல்ல பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊத்துனேன்" என்றாள் பேச்சியம்மாள். "அது மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு. இப்ப தென்னைக்கு ஊத்துதேன். குத்தம் சொல்லக்கூடாது மேடம், காய் நல்லாப் பிடிக்கி."

குணசுந்தரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "வெளிச்சாப்பாடு கூடாது, இறால் நண்டு கூடவே கூடாதுன்னு விதி இருக்கு, தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"எதுக்குன்னு தெரியுமா? ஆறு வருசத்துக்கு முன்னால ஒரு காப்பகத்துல இறால் சேராத பிள்ளைக்குக் குடுத்துட்டாங்க. தொண்டை வீங்கி மூச்சு நின்னு போச்சு. மூணு வயசு. அந்தப் பிள்ளையோட அப்பா கையில அறிக்கையக் குடுத்தது நான். விதியை எழுதுனதும் நான்."

பேச்சியம்மாள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். கதவின் பின்பக்கம் கரியால் எழுதியிருந்தது: ஒவ்வொரு பிள்ளையின் பெயர், எதிரில் எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது. அருள்ராயன் என்ற பெயருக்கு எதிரில் மட்டும் 'கூனி ஆவாது. பதிலுக்கு முட்டை' என்று இருந்தது, இரண்டு கோடு போட்டு.

"புதுப் பிள்ள வந்தா தாய்கிட்டயும் அப்பன்கிட்டயும் உக்காந்து கேப்பேன். வீட்டுல என்ன திங்குது, தின்னா சொறியுதா, உதடு தடிக்கான்னு. பொறவுதான் எம்புட்டு குடுக்கணும்னு யோசிப்பேன். இவனுக்குச் சட்டி வேற, கரண்டி வேற" என்றாள் பேச்சியம்மாள்.

"இதெல்லாம் போதாதும்மா. டாக்டர் பாக்கணும், ஊசி மருந்து கையில இருக்கணும்."

"அப்ப டாக்டர அனுப்புங்க மேடம். நீங்க கூழத்தானே அனுப்புனீங்க?"

குணசுந்தரி அந்தக் கேள்வியோடு ராத்தங்கும் அறைக்குப் போனாள். இவர்களைப் பற்றி எழுதினால் பேச்சியம்மாளுக்கு வேலை போகும். எழுதாமல் விட்டால் வெள்ளிக்கிழமை ஆறாயிரம் காப்பகத்துக்கு உத்தரவு போகும். பேச்சியம்மாள் இல்லாத காப்பகங்களில் பிள்ளைகள் அந்தக் கூழை என்ன செய்வார்கள்? முப்பத்தொன்பது இடத்து எடைப் பட்டியல் அதற்குப் பதில் சொல்லிவிட்டிருந்தது. அதைத்தான் அவள் ஒரு வருடமாகப் படிக்காமல் இருந்தாள்.

செவ்வாயும் புதனும் பிள்ளைகள் விட்டு வைக்கவில்லை. வரிசையில் நின்று ஜன்னல் கம்பியை நக்கினார்கள். ஒரு பெண் தலைமுடியைச் சப்பினாள். ஒருவன் எங்கிருந்தோ புளியங்கொட்டை கொண்டுவந்தான். எல்லாம் சொல்லிவைத்தாற்போல காலை பத்து மணியை ஒட்டியே நடந்தது. புதன்கிழமை குணசுந்தரி பெனிட்டாவைத் தனியாக ஊஞ்சல் பக்கம் கூட்டிப்போய், பக்கத்தில் குந்தினாள்.

"ஏம்மா இப்படிச் செய்ற? எனக்கு வாந்தி வருதில்ல?"

"நீங்கதானே மொதல்ல செஞ்சீங்க" என்றாள் பெனிட்டா.

"நான் என்ன செஞ்சேன்?"

"டெய்லி பாட்டு நேரத்துல கசப்புத் தண்ணி குடிக்கீங்கல்லா. இங்க வருது." பெனிட்டா வாயைத் திறந்து கடைவாயைத் தொட்டுக் காட்டினாள். "எல்லாருக்கும் வருது. பாடவே முடியல. அதான் நாங்களும் அனுப்புனோம்."

குணசுந்தரி தன் கடைவாயைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சர்க்கரை நோய். தினமும் காலை பத்து மணிக்கு ஒரு டம்ளர் வெந்தயத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள்.

"மத்தியானமும் வருதா?"

"மத்தியானம் ஒண்ணுமே வரல. உங்க சாப்பாட்டுல ருசியே இல்ல" என்றாள் பெனிட்டா இரக்கத்தோடு. குணசுந்தரி மதியம் உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சிதான் சாப்பிடுவாள்.

உடனே கிளாட்வினுக்குப் போன் செய்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாய்ப்பே இல்ல மேடம். ஒருவழிதான். பிள்ளைய கத விடுதுவ" என்றான். ஒரு தடவை வந்து பாரேன் என்றாள். வெள்ளிக்கிழமை தலைவருக்கு வில்லை ஒட்ட எப்படியும் வருவேன் என்றான். நிருபர்கள் முன்னால் தானும் வில்லை போட்டுக்கொண்டு குழந்தைகளோடு சாப்பிடப் போவதாகத் தலைவர் சொல்லியிருந்தார், புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் என்று.

குணசுந்தரி இன்னொரு தடவை எடுத்துச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். பிறகு, வில்லைகள் போனால் தலைவர் அந்தக் கசப்பை அறியவே மாட்டார் என்று தோன்றியதும் மூடிக்கொண்டாள். வியாழக்கிழமை வெந்தயத் தண்ணீர் குடிக்கவில்லை. ஜன்னல் கம்பிகளும் நிம்மதியாக இருந்தன.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வைகுண்டமூர்த்தி நான்கு நிருபர்களோடு வந்து இறங்கினார். நல்ல உயரம், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கிளாட்வின் அவருடைய கடைவாய்ப் பல்லில் வில்லையை ஒட்டினான். கேமரா இருப்பதால் அன்று கூனிச்சோறு கிடையாது. இந்த ஒரு நாள் மட்டும் கூழைத் தின்னுங்கள் என்று ஜெபக்கனி பிள்ளைகளிடம் கெஞ்சியிருந்தாள். ஆளுக்கு ஐந்து வாய், ஒரு வாய்க்கு ஒரு தடவை ஊஞ்சல் என்று பெனிட்டா பேசி முடித்திருந்தாள்.

"குழந்தைகள் ருசிக்கிற அதே உணவை, அவங்க நாக்காலயே நானும் ருசிக்கப் போறேன்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார் தலைவர். "ஆரம்பிங்க கண்ணுங்களா!"

பத்துக் கைகள் தட்டுக்குப் போயின. குணசுந்தரியின் வாயிலும் அந்தக் கசப்பு வந்து இறங்கியது, ஆனால் இப்போது அவள் தயாராக இருந்தாள். அவள் தலைவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாய்க்கு அவருடைய புருவம் மேலே போனது. இரண்டாவதுக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது. மூன்றாவதுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. துப்பப் போகிறார், துப்பினால் எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

வைகுண்டமூர்த்தி துப்பவில்லை. முப்பது வருடம் மேடைகளில் உட்கார்ந்து பழகிய மனிதர். முழுங்கிவிட்டுப் பல்லைக் காட்டினார்.

"பிரமாதம்!" என்றார். "அருமையான சுவை! எங்க அம்மா கையால சாப்பிட்ட மாதிரி இருக்கு."

நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். பெனிட்டா கரண்டியோடு நின்று அவரை அண்ணாந்து பார்த்தாள். அவள் பார்த்ததிலேயே பெரிய பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும், பார்வையில் ஒரு மரியாதைகூடத் தெரிந்தது.

நான்காவது வாய்க்கு முன்னால் தலைவர், "ஒரு நிமிஷம், போன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவின் ஓரத்துக்குப் போனார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். வாய்க் கசப்புக்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அது. பல்லால் கிழித்து அப்படியே கடைவாயில் கொட்டிக்கொண்டார்.

பத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் 'தூ' என்று துப்பினார்கள். இரண்டு பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். காப்பகத்தின் கூரையில் சைரன் அலறியது. வாசல் கேட்டு தானாக வந்து சாத்திக்கொண்டது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது: "எச்சரிக்கை. பத்துக் குழந்தைகளின் வாயில் புகையிலை. எச்சரிக்கை. பத்துக் குழந்தைகளின் வாயில் புகையிலை."

ஆலைக்குள் அது கேட்காமல் இருக்குமா? வெள்ளைத் தொப்பிகள் வந்தன. கேட்டு பூட்டியிருந்ததால் சுவரேறிக் குதித்து வந்தார்கள், ரப்பர் பூட்ஸோடும் கையில் பாதி உரித்த இறாலோடும். முதலில் வந்து விழுந்தவள் பெனிட்டாவின் அம்மா லூர்துமேரி. மகளின் தாடையைப் பிடித்து வாயைப் பிளந்து பார்த்தாள். கூழைத் தவிர ஒன்றும் இல்லை.

"எங்கட்டி புகையில? யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. அந்தத் தாத்தா வாயில இருக்கு" என்று வராந்தாவைக் கைகாட்டினாள் பெனிட்டா.

எல்லாரும் திரும்பினார்கள். வைகுண்டமூர்த்தி வாயைத் திறக்க முடியாமல், திறக்காமலும் இருக்க முடியாமல், கன்னம் உப்பி நின்றார். உதட்டோரத்தில் சிவப்பாக ஒரு கோடு வழிந்தது. கேமராக்கள் அதைத் தவறவிடவில்லை.

லூர்துமேரி கிளாட்வினை மடக்கினாள். "அவரு வாயில போட்டது என் பிள்ள வாய்க்கு எப்பிடிலே வந்துச்சு?"

"ஒருவழிதான்க்கா... ஒருவழின்னுதான்..." என்று திணறினான் கிளாட்வின். அவன் முகம் வெளுத்துவிட்டது. பயந்தது வேலைக்காக இல்லை, அழுதுகொண்டிருந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்து.

"எனக்குத் தெரியும்" என்றாள் குணசுந்தரி. சைரன் நின்றிருந்தது, அதனால் எல்லாருக்கும் கேட்டது. "புதன்கிழமையே பிள்ளைங்க சொன்னாங்க. கிளாட்வின்கிட்ட ஒரு தடவை சொன்னேன், அவர் நம்பல. மறுபடி நான் சொல்லல. அது என் தப்பு. அதுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. பிரமாதம்னு சொன்ன மனுசன் எதுக்குப் புகையிலையை அள்ளிப் போட்டார்னு கேளுங்க."

கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல், எல்லாருடைய கண்களும் தட்டுகளுக்குப் போயின.

"அந்தக் கூழைச் செஞ்சது நான்" என்றாள் அவள். "பதினோரு வருசம். சத்து எல்லாம் இருக்கு. ஒரு பிள்ளையாலயும் தின்ன முடியாது. முப்பத்தொன்பது காப்பகத்துல பிள்ளைங்க பசியோட வீட்டுக்குப் போயிருக்காங்க. இங்க மட்டும் போகல. ஏன்னா இங்க விதியை மீறியிருக்காங்க. அந்த விதியை எழுதுனதும் நான்தான். ரெண்டையும் நானே சேர்த்து எழுதித் தரேன்."

பேச்சியம்மாள் சமையலறை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்து, பத்துப் பிள்ளைகளையும் சோதித்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, தலைவரின் ரத்த அழுத்தத்தை மட்டும் குறித்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறாயிரம் காப்பகத்துக்கான உத்தரவு அறிவிக்கப்படவே இல்லை. 'மறுபரிசீலனையில் உள்ளது' என்றார்கள். இன்றும் அது அங்கேதான் உள்ளது. வைகுண்டமூர்த்தி வேறொரு வாரியத்துக்கு மாற்றப்பட்டார், குழந்தைகளே வராத வாரியம். குணசுந்தரிக்கு ஒரு பதவி உயர்வு கையை விட்டுப் போனது. அவளுடைய புதிய விதி மூன்று பக்கம் வந்தது. உள்ளூரில் கிடைப்பதைச் சமைக்கலாம், ஆனால் சேரும் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவர் ஒவ்வாமைச் சோதனை செய்யவேண்டும், ஊசி மருந்து பூட்டாத அலமாரியில் இருக்கவேண்டும், பட்டியல் சமையலறைக் கதவில் தொங்கவேண்டும். பேச்சியம்மாளுக்கு ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. விதியை மீறியதற்கு ஏழு நாளில் விளக்கம் கேட்டது ஒன்று, மற்ற சமையற்காரிகளுக்குப் பயிற்சி தர வரச்சொன்னது மற்றொன்று. எதற்கு முதலில் கையெழுத்துப் போடுவது என்று ஜெபக்கனியிடம் கேட்டாள். பயிற்சிக்குப் போய்விட்டு வந்து விளக்கம் எழுதலாம் என்றாள் ஜெபக்கனி.

ஆனால் வில்லைகளைக் கழற்றிய சனிக்கிழமையைச் சொல்லாமல் விட முடியாது.

கழற்றும் திரவம் வெள்ளிக்கிழமை கிளாட்வின் கையில் இல்லை, அதனால் பதினோரு மணிக்கு அவன் வந்து எல்லா வில்லைகளையும் எடுத்துவிடுவதாக ஏற்பாடு. பிற்பகல் ரயிலுக்குக் குணசுந்தரி கிளம்பவேண்டும். பத்தரை மணிக்கு ஒரு கடைக்குப் போய்விட்டு, கையில் காகிதப் பொட்டலத்தோடு திரும்பிவந்து, காப்பகத்தின் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றாள். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். தூத்துக்குடி மக்ரூன், கூம்பு கூம்பாக, வெள்ளை வெளேரென்று. எட்டு வருடமாக அவள் தொடாத பண்டம். ஒன்றை எடுத்து, கடிக்காமல், அப்படியே நாக்கில் வைத்தாள். முந்திரியும் சர்க்கரையுமாக மெல்ல இடிந்து கரைந்தது.

உள்ளே பாட்டு பாதியில் நின்றது.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. "எங்க ஓடுதீய?" என்று ஜெபக்கனி அதட்டினாள். அடுத்த நிமிடம் கேட்டின் கம்பிகளுக்கு இடையில் பத்து முகங்கள் இருந்தன. எல்லா வாயும் மூடியிருந்தது, எல்லாக் கன்னமும் லேசாக அசைந்தது. அருள்ராயன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

கரைந்து முடிந்ததும் பெனிட்டாதான் முதலில் கண்ணைத் திறந்தாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஒரு விரலைக் காட்டினாள். "இன்னொண்ணு."

"கூடாதும்மா" என்றாள் குணசுந்தரி. "எனக்குச் சர்க்கரை இருக்கு. ஒண்ணுக்கு மேல தின்னக்கூடாது."

பெனிட்டா திரும்பி மற்ற ஒன்பது பேரையும் பார்த்தாள்.

"எங்களுக்கு இல்லல்லா?" என்றாள்.

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் குணசுந்தரி எத்தனையோ நிபுணர்களிடம் வாதாடியிருக்கிறாள். இந்த நிபுணரிடம் வாதாட நேரம் இல்லை. தெருமுனையில் கிளாட்வினின் பைக் திரும்பும் சத்தம் கேட்டது. அவசரமாக இரண்டாவது மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.